தங்க இசைத்தட்டின் முதல் பாட்டு

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை நிகழ்ச்சி. விண்வெளி பற்றி மூன்று நிமிடத் துணுக்கு ஒன்றை வாசித்தேன். 1977இல் அமெரிக்கா அனுப்பிய வோயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் தங்க முலாம் பூசிய இசைத்தட்டு ஒன்று இருக்கிறது. எங்கோ, எப்போதோ, யாராவது கண்டெடுத்தால் பூமியைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும் என்று 55 மொழிகளில் வாழ்த்தும், ஏறக்குறைய 90 நிமிட இசையும் அதில் பதிந்திருக்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டு ஒரு பாட்டைப் போட்டேன். பாட்டு முடிவதற்குள் தொலைபேசி விளக்கு மின்னியது. கிள்ளானிலிருந்து ஒரு சிறுவன்.

“அக்கா, அந்த 55 மொழியில தமிழ் இருக்கா?”

இதற்குப் பதில் தெரியாமல்தான் அந்தத் துணுக்கை வாசித்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. “பார்த்துச் சொல்றேன் தம்பி” என்றேன்.

அன்றிரவே பார்த்தேன். இந்தி இருக்கிறது. தெலுங்கு, கன்னடம், வங்காளம், மராத்தி, குஜராத்தி, பஞ்சாபி, ஒரியா இருக்கின்றன. சிங்களம் இருக்கிறது. நம் பக்கத்து வீட்டு இந்தோனேசிய மொழியும் இருக்கிறது. தமிழ் இல்லை. மலாயும் இல்லை. வாழ்த்துகளில் பெரும்பாலானவை கோர்னெல் பல்கலைக்கழகத்தில், அங்கே கிடைத்த ஆட்களின் குரலில் பதிவானவை. அவசர வேலை. நம் ஆள் யாரும் அந்தப் பக்கம் அகப்படவில்லை போலும்.

மறுநாள் வானொலியில் உண்மையைச் சொன்னேன். தம்பி மறுபடி அழைத்தான். குரலில் ஏமாற்றம் இருந்தது. ஆனாலும் விடவில்லை. “சரிக்கா. அப்ப அதுல முதல் பாட்டு யாரோடது?”

இந்த முறை பதில் கையில் இருந்தது. “பாக் என்கிற ஜெர்மன்காரர் எழுதியது. வாசித்தது மியூனிக் நகரத்து இசைக்குழு. நடத்தியவர் கார்ல் ரிச்டர்” என்று பெருமையாகச் சொன்னேன்.

“கார்ல் ரிச்டர் யாரு?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடிப் போன கதைதான் இது.

எந்தப் பஸ்ஸுக்கு?

பாக்கை நமக்கு ஓரளவு தெரியும். தெரியாதவர்களுக்கும் இளையராஜா அறிமுகம் செய்துவைத்திருக்கிறார். 1986இல் வந்த ‘ஹௌ டு நேம் இட்’ தொகுப்பை அவர் தியாகராஜருக்கும் பாக்குக்கும்தான் காணிக்கையாக்கினார். அதில் பாக்கைத் தம் வீட்டில் சந்தித்ததாகவே ஒரு பாடலுக்குப் பெயர் வைத்திருப்பார். எங்கள் வீட்டு ஒலிநாடாப் பெட்டியில் அந்தக் கேசட் இருந்தது. ஆனால் பாக் எழுதி வைத்துவிட்டுப் போன தாள்களுக்கு இந்த நூற்றாண்டின் காதில் விழும்படி உயிர் கொடுத்தவர்கள் யார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

“ஒரு ஜெர்மன் கண்டக்டரைப் பற்றி எழுதப் போறேன்மா” என்று அம்மாவிடம் சொன்னேன். “எந்தப் பஸ்ஸுக்கு?” என்றார். எனவே இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். பத்து இருபது வாத்தியங்களும் அறுபது எழுபது குரல்களும் ஒரே மூச்சாக ஒலிக்க, முன்னால் நின்று கையசைத்து வழிநடத்துபவரே இசை நடத்துநர். ரிச்டர் அதோடு நிற்கவில்லை. ஆர்கன் வாசிப்பார். ஹார்ப்சிகார்ட் வாசிப்பார். ஹார்ப்சிகார்டின் முன் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே குழுவையும் நடத்துவார்.

பாக் நின்ற இடத்தில் ஓர் இளைஞன்

கார்ல் ரிச்டர் 1926 அக்டோபர் 15இல், ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள ப்ளாவென் என்ற ஊரில் பிறந்தார். அப்பா லூத்தரன் திருச்சபைப் போதகர். சிறு வயதிலேயே ட்ரெஸ்டன் நகரின் புகழ்பெற்ற க்ராய்ட்ஸ்கோர் என்ற சிறுவர் பாடகர் குழுவில் சேர்ந்தார். பல நூற்றாண்டுப் பழமை கொண்ட குழு அது. அங்கே ருடால்ஃப் மவர்ஸ்பெர்கர் அவருக்கு ஆசான். சிறுவர்களுக்கு அங்கே பாட்டுத்தான் மூச்சு.

பிறகு போர் வந்தது. போர் முடிந்தபின் ரிச்டர் லைப்சிக் நகருக்குப் படிக்கப் போனார். லைப்சிக் என்றால் பாக். 1723 முதல் 1750இல் இறக்கும் வரை பாக் அங்கேதான் தோமா தேவாலயத்தின் இசைத் தலைவராக இருந்தார். ரிச்டரின் ஆசிரியர்களான கார்ல் ஸ்ட்ராவ்பே, குந்தர் ராமின் இருவருமே பாக் வகித்த அதே பதவியை வகித்தவர்கள். நம்மூரில் குரு பரம்பரை என்போமே, அது போன்ற ஒரு சங்கிலி.

1949இல், வயது 23 நிறைவதற்கு முன்னும் பின்னுமான அந்த ஆண்டில், ரிச்டர் அதே தோமா தேவாலயத்தின் ஆர்கன் கலைஞரானார். மறு ஆண்டு பாக் மறைந்த 200ஆம் ஆண்டு. பாக்கின் எலும்புகள் இருந்த இன்னொரு தேவாலயம் போரில் சிதைந்துபோனதால், அவற்றைத் தோமா தேவாலயத்துக்கே கொண்டுவந்து புதுக் கல்லறை அமைத்தார்கள். கொஞ்சம் கற்பனை செய்துபாருங்கள். நீங்கள் இருபத்து மூன்று இருபத்து நான்கு வயது இளைஞர். மேலே நீங்கள் வாசிக்கிறீர்கள். கீழே அதை எழுதியவர் உறங்குகிறார்.

பலர் அந்த இடத்தை விட்டு அசைந்திருக்க மாட்டார்கள். ரிச்டர் 1951இல் கிளம்பிவிட்டார். நாடு அதற்குள் இரண்டாகப் பிரிந்திருந்தது. லைப்சிக் கிழக்கு ஜெர்மனியில் சிக்கிக்கொண்டது. அவர் மேற்கே மியூனிக் சென்று, மாற்கு தேவாலயத்தில் ஆர்கன் கலைஞராகவும் இசைக் கல்லூரியில் ஆசிரியராகவும் வேலைக்குச் சேர்ந்தார். 1956இல் குந்தர் ராமின் இறந்தபோது, பாக் வகித்த பதவியை ஏற்க வரும்படி லைப்சிக் அவரை அழைத்தது. அவர் மறுத்துவிட்டார். வயது 29தான்.

ஏன் மறுத்தார்? மியூனிக்கில் அவர் தொடங்கியிருந்த ஒரு வேலை பாதியில் இருந்தது.

பகலில் வேலை, மாலையில் பாக்

மியூனிக் அமைந்துள்ள பவேரியா பெரும்பாலும் கத்தோலிக்கப் பகுதி. பாக்கின் இசையோ லூத்தரன் தேவாலய வழிபாட்டுக்காக எழுதப்பட்டது. அந்த ஊரில் ரிச்டருக்குக் கிடைத்தது ஒரு சிறிய பாடகர் குழு. 1954இல் அதற்கு மியூனிக் பாக் பாடகர் குழு என்று பெயர் மாற்றினார். கூடவே மியூனிக் பாக் இசைக்குழு என்று வாத்தியக் குழு ஒன்றையும் வளர்த்தார்.

எனக்குப் பிடித்துப்போன செய்தி இதுதான்: அந்தப் பாடகர்கள் சம்பளத்துக்குப் பாடியவர்கள் அல்லர். மாணவர்களும் வேறு வேலை பார்ப்பவர்களும் ஆர்வத்தால் கூடிய கூட்டம் அது. வாரா வாரம் கோயிலில் தேவாரம் பாடக் கூடும் நம் அக்காமார்களையும் மாமாக்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவர்களைப் பயிற்றுவித்து, 1958இல் பாக்கின் ‘மத்தேயுவின் பாடுகள்’ படைப்பை இசைத்தட்டில் பதிவு செய்தார் ரிச்டர். இயேசுவின் கடைசி நாட்களைச் சொல்லும் படைப்பு அது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். இரண்டு பாடகர் குழு, இரண்டு வாத்தியக் குழு வேண்டும். ஏர்ன்ஸ்ட் ஹேஃப்லிகர், டீட்ரிஷ் ஃபிஷர் டீஸ்கௌ போன்ற பெரிய பாடகர்கள் அந்தப் பதிவில் தனிக்குரல் பாடினார்கள். ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாக அந்தப் பதிவு கடைகளிலிருந்து மறையவே இல்லை. இன்று கைப்பேசியிலேயே கேட்கலாம்.

அதன்பின் அவர் நின்று மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. டாய்ச் கிராமஃபோன் நிறுவனத்தின் ஆர்க்கிவ் வரிசையில் பாக்கின் கான்டாட்டாக்கள், அதாவது ஞாயிறு வழிபாட்டுக்காக எழுதப்பட்ட பாடல் தொகுதிகள், ஏறக்குறைய 75 பதிவாயின. 1968இல் சோவியத் யூனியன், 1969இல் ஜப்பான் என்று குழுவை அழைத்துக்கொண்டு சுற்றினார். கடவுள் நம்பிக்கைக்கு இடம் தராத மாஸ்கோவில் பாக்கின் தேவாலய இசை ஒலித்தது என்பதே அந்தக் காலத்தில் பெரிய செய்தி.

மீட்டுகிற பியானோ

ஹார்ப்சிகார்ட் பார்க்கப் பியானோவின் தம்பி போல இருக்கும். உண்மையில் அதுதான் அண்ணன். பியானோ கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் தந்தியைத் தட்டும். நம் ஜலதரங்கத்தைக் குச்சியால் தட்டுவது போல. ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால் ஒரு மரத்துண்டு மேலெழும்பும். அதில் பொருத்திய சிறு முள், அந்தக் காலத்தில் பறவை இறகின் காம்பு, தந்தியை மீட்டிவிட்டுக் கீழிறங்கும். வீணையை மீட்டுவது போல.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பியானோவில் மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஒலி, ஓங்கி அழுத்தினால் பெரிய ஒலி. ஹார்ப்சிகார்டில் எப்படி அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். உணர்ச்சியை ஒலியின் அளவில் காட்ட முடியாது. எப்போது தொடுகிறோம், எவ்வளவு நேரம் பிடிக்கிறோம், இரண்டு சுரங்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விடுகிறோம் என்பதில்தான் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். மைக் முன்னால் உட்கார்ந்து பிழைக்கிற எனக்கு இது நன்றாகவே புரிந்தது. வானொலியில் முகம் காட்ட முடியாது. இடைவெளியை வைத்துத்தான் பேச வேண்டும்.

1721இல் பாக் பிராண்டன்பர்க் பிரபு ஒருவருக்கு ஆறு இசைக்கோவைகளை எழுதி அனுப்பினார். அதில் ஐந்தாவதன் முதல் பகுதியில் ஓர் இடம் வரும். மற்ற வாத்தியங்கள் எல்லாம் மெல்ல விலகி நிற்க, அதுவரை பின்னணியில் தாளம் கட்டிக்கொண்டிருந்த ஹார்ப்சிகார்ட் தனியாக ஓடத் தொடங்கும். ஏறக்குறைய மூன்று நிமிடம். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் போல. 1970இல் ரிச்டர் இதை வாசித்தது படமாக்கப்பட்டிருக்கிறது. முதலில் நிதானமாகத் தொடங்கி, கைகள் வேகமெடுத்து, கட்டைகள் மேல் மழை பெய்வதுபோல் ஆகிவிடும். குழுவினர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். முடியும் தறுவாயில் அவர் தலையை ஓர் அசைப்பு அசைப்பார். எல்லாரும் ஒன்றாக உள்ளே நுழைவார்கள். நான் அதை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கு வைக்கவில்லை.

காற்று திசை மாறியது

இதுவரை வெற்றிக்கதை. இனிமேல்தான் எனக்கு உறக்கம் கெட்டது.

1960களின் இறுதியில் இளைய இசைக்கலைஞர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்டார்கள். பாக்கின் காலத்தில் இந்த இசை எப்படி ஒலித்திருக்கும்? அப்போது வயலினுக்கு உலோகத் தந்தி இல்லை, விலங்கின் குடல் நரம்பு. சுருதி இன்றைக்குவிடத் தாழ்வு. பாடகர் குழு சிறியது. உயர்ந்த குரலைப் பாடியவர்கள் பெண்கள் அல்லர், சிறுவர்கள். அப்படியிருக்க இன்றைய வாத்தியத்தையும் பெரிய பாடகர் குழுவையும் வைத்து வாசிப்பது சரியா?

ஆஸ்திரியாவின் நிகோலாஸ் ஹார்னன்கோர்ட்டும் நெதர்லாந்தின் குஸ்தாவ் லியோன்ஹார்ட்டும் 1971இல் பாக்கின் கான்டாட்டாக்களைப் பழைய வாத்தியங்களிலேயே பதிவு செய்யத் தொடங்கினார்கள். இசை மெலிந்தது. வேகமெடுத்தது. நடனம்போல் துள்ளியது. இளைஞர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

ரிச்டர் மாறவில்லை. அவருடைய பெரிய பாடகர் குழுவும், காலால் மிதித்து ஒலியின் நிறத்தை மாற்றும் வசதி கொண்ட இருபதாம் நூற்றாண்டு ஹார்ப்சிகார்டும் அப்படியே தொடர்ந்தன. நேற்றுவரை பாக் என்றால் ரிச்டர் என்றிருந்தது. இன்று, கனமானது, பழசு, உணர்ச்சி மிகை என்று எழுதினார்கள். 1971இல் மாரடைப்பு வந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் கண்பார்வை மோசமாகிக்கொண்டே போனது. இசையை நினைவிலிருந்தே நடத்தும் வழக்கம் அவருக்குத் துணை நின்றிருக்க வேண்டும். 1979இல் ‘மத்தேயுவின் பாடுகள்’ படைப்பை மீண்டும் பதிவு செய்தார். உலகமே வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, அவர் முன்பைவிட மெதுவாக நடத்தினார்.

1981 பிப்ரவரி 15இல் மியூனிக்கில் மாரடைப்பால் இறந்தார். வயது 54. சூரிச்சில் அடக்கம் செய்தார்கள். அதே 1981இல்தான் ஜோசுவா ரிஃப்கின் என்ற அமெரிக்கர், பாக்கின் பாடகர் குழுவில் ஒரு பகுதிக்கு ஒரே ஒருவர்தான் பாடினார் என்ற வாதத்தை முன்வைத்தார்.

இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். ஹார்னன்கோர்ட் தரப்பின் கேள்வி நியாயமானது. அதனால் பாக் இசைக்கு நன்மையே நடந்தது. அவர்களைக் கேட்ட காதோடு ரிச்டரிடம் திரும்பினால் சில இடங்கள் கனமாகத்தான் இருக்கின்றன. ஆனால் 1958 பதிவின் தொடக்கத்தில் அந்தப் பெரிய கூட்டம் மெல்ல எழுந்து வரும்போது, நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

அவர் வாசித்த பெயர்கள்

ஊடகத் துறைப் பட்டத்தோடு நான் வானொலிக்குள் நுழைந்தபோது எனக்கு வயது 23. அங்கே ஒரு மூத்த அறிவிப்பாளர் இருந்தார். எல்லாரும் அவரைச் சார் என்போம். அவருடைய நேயர் விருப்ப நிகழ்ச்சியில், பாட்டைக் கேட்டவர்களின் பெயர்களை ஒன்று விடாமல் வாசிப்பார். தோட்டத்தின் பெயர், அப்பா அம்மா பெயர், தாத்தா பாட்டி பெயர், அண்ணி பெயர், பக்கத்து வீட்டுக் குழந்தையின் செல்லப் பெயர் வரை. ஒரு பாட்டுக்கு முப்பது பெயர் வரும். அவசரமே இல்லாமல் வாசிப்பார்.

ஒரு கூட்டத்தில் நான் எழுந்து, பெயர் வாசிக்கிற நேரத்தில் நேயர் அலைவரிசையை மாற்றிவிடுவார் என்றும், பாட்டுக்கு இரண்டு பெயர் போதும் என்றும் விளக்கினேன். படித்த படிப்பு அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். சாரும் தலையாட்டினார். மறு வாரத்திலிருந்து இரண்டு பெயர்தான் வாசித்தார். ஓர் ஆண்டு கழித்து ஓய்வு பெற்றார். எனக்குக் கொடுத்த கடைசி அறிவுரை, தண்ணீர் நிறையக் குடி என்பதுதான். சில ஆண்டுகளுக்கு முன் காலமானார்.

அவர் இறந்த வாரம் ஓர் அம்மா நிலையத்துக்கு அழைத்தார். அவரிடம் ஒரு பழைய கேசட் இருக்கிறதாம். சார் பெயர் வாசித்த பதிவு. அதில் அவருடைய தம்பியின் பெயரும் வருகிறது. தம்பி இளம் வயதிலேயே போய்விட்டார். “வானொலியில என் தம்பி பேரைச் சொன்னது அவர் ஒருத்தர்தான்மா” என்றார். நன்றி சொல்லத்தான் அழைத்திருந்தார். அழைப்பை எடுத்தவள் நான் என்பது அவருக்குத் தெரியாது.

நான் கூட்டத்தில் சொன்னது கணக்குப்படி சரிதான். இப்போதும் சரிதான். முப்பது பெயர் வாசித்தால் நேயர் அலைவரிசையை மாற்றத்தான் செய்வார். எனக்கே இப்போது முப்பத்தைந்து ஆகிறது. புதிதாக வந்த தம்பி ஒருவர், நான் பாட்டுகளுக்கு நடுவே பேசுவது நீளம் என்கிறார். அவர் சொல்வதும் அநேகமாகச் சரிதான்.

ரிச்டர் நடத்திய அந்த நான்கு நிமிடம் நாற்பது விநாடி இசையை வோயேஜர் சுமந்துகொண்டு போகிறது. 1967இல் மியூனிக்கில் பதிவான, பிராண்டன்பர்க் கோவைகளில் இரண்டாவது. பழைய பாணி என்று பூமியில் எழுதிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில்தான் அதைத் தட்டில் ஏற்றினார்கள். வோயேஜர் 1 இப்போது 2,400 கோடிக் கிலோமீட்டருக்கும் அப்பால் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே எந்தப் பாணி சரி என்று கேட்க ஆளில்லை.

போன மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியின் கடைசி ஐந்து நிமிடத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதில் பெயர்களை வாசிக்கிறேன். வந்த பெயர் அத்தனையையும். முதல் வாரம் முதல் பெயர் கிள்ளான் தம்பியுடையது. அவன் பெயரை மட்டும் தனியாக, கொஞ்சம் மெதுவாக வாசித்தேன்.

கேட்டுப் பார்க்க விரும்புவோருக்கு

• முதலில் பிராண்டன்பர்க் கோவைகளில் இரண்டாவதன் முதல் பகுதி. ஐந்து நிமிடம்கூட ஆகாது. டிரம்பெட், புல்லாங்குழல், ஓபோ, வயலின் நான்கும் போட்டி போடும். பிள்ளைகளோடு கேட்கலாம். எந்த வாத்தியம் எப்போது வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

• அடுத்து ஐந்தாவது கோவையின் முதல் பகுதி. ரிச்டர் ஹார்ப்சிகார்ட் வாசிக்கும் 1970ஆம் ஆண்டுப் படத்தைத் தேடிப் பாருங்கள்.

• பொறுமை உள்ளவர்களுக்கு 1958இன் ‘மத்தேயுவின் பாடுகள்’. முழுவதும் வேண்டாம், தொடக்கப் பாடல் மட்டும் போதும். பிறகு அதே பாடலை ஹார்னன்கோர்ட் நடத்தியதையும் கேளுங்கள். எது பிடித்தது என்று வீட்டில் பேசிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.